லைன் கிளியருக்குக் காத்து நின்ற பூதங்கள்

என் தங்கையின் மகன் கனடாவிலிருந்து தாயோடு விடுமுறைக்கு வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றி ஒரு கிழமையாகிறது. நானும் மனைவியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். மேசை நிறையச் சுண்டுவிரல் உயரத்தில் வீரர்கள், பூதங்கள், எலும்புக்கூடுகள், பன்றி மூஞ்சியோடு ஈட்டி பிடித்த சிலதுகள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தூரிகையால் நிறம் தீட்டி, காய வைத்து, மூக்குக்கு ஒரு தடவை, நகத்துக்கு ஒரு தடவை என்று பிள்ளை தவம் இருக்கிறான். தாய் சொல்லித் தன் காற்சட்டையை ஒரு நாளும் மடித்து வைத்தவன் இல்லை இவன்.

இன்று காலை தேத்தண்ணியோடு அந்தப் பக்கம் போனேன். பெயின்ற் மணம் மூக்கில் ஏறியது. மேசை ஓரத்தில் செங்கல் தடிப்பில் ஒரு புத்தகமும், அதன்மேல் மெல்லியதாக இன்னொன்றும் கிடந்தன.

"பெரிசு அடிப்படைச் சட்டப் புத்தகம். சின்னன் பிறகு வந்த மேலதிகப் புத்தகம். அப்பிடித்தானே?" என்று கேட்டேன்.

பிள்ளை தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். "மாமா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"நான் அந்தச் சின்னப் புத்தகத்தை ஒரு வருசம் படிப்பிச்ச வாத்தியாரடா."

அவன் சிரித்தான். குசினிக்குள்ளிருந்து அவன் தாயும் சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் சத்தியமாக நடந்தது. இதே புத்தகம் இல்லை. இதற்குப் பெரியப்பா முறையான ஒன்று. படிப்பித்த இடம் சண்டிலிப்பாய். வீட்டுக்காரர் ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர். அவர் வீட்டில்தான் பெயின்ற் பூசிய படைகளை நான் முதலில் பார்த்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, அது எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். காத்திருக்கிற நேரத்தில் யாழ்ப்பாணத்து இளந்தாரி என்ன செய்வான்? ரியூசன் கொடுப்பான். நான் ஆங்கிலம் கொடுத்தேன். என் ஆங்கிலம் இலக்கணத்தில் உறுதி, சொற்களில் கொஞ்சம் இளைப்பு. செயப்பாட்டு வினையை எந்தப் பக்கமும் திருப்பிப் போடுவேன். ஒரு வெள்ளைக்காரன் வந்து சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால் வேலி பாய்ந்து ஓடியிருப்பேன். நல்லகாலம், அந்த நாட்களில் வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

ஸ்ரேசன் மாஸ்ரர் குடும்பம் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒரு புகையிலைத் தோட்டக்காரர் விட்டுக்கொடுத்த வீட்டில் இருந்தது. ரெயில் ஓடுவது நின்றுவிட்டது. மாஸ்ரர் நிற்கவில்லை. சனமெல்லாம் நகை, காணி உறுதி, அரிசி என்று அள்ளிக்கொண்டு ஓடிவர, மனுசன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது ரெயில்வேச் சட்டப் புத்தகமும், கைகாட்டி மரத்துக்குப் பூசுகிற சிவப்பு, பச்சைப் பெயின்ற் ரின்களும். "அரசாங்கச் சாமான். விட்டிட்டு வரேலுமோ?" என்றாராம். அவருடைய மனைவியை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அன்ரி அங்கே விட்டுவந்த தையல் மெசினை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார்.

அவர்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் நந்தன், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டன் போய்விட்டான். அவன் போகும்போது இளையவன் கண்ணனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. நான் படிப்பிக்கப் போன காலத்தில் கண்ணனுக்கு மீசை அரும்பி, வாசல் நிலையில் தலை இடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வயசில் ஒரு பெடியனை வீட்டில் வைத்திருந்த தாய்மார் அந்த நாட்களில் இயக்கத்துக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில் எப்படி நித்திரை கொண்டார்களோ தெரியாது. அன்ரி கொள்ளவில்லை. கண்ணனை எப்படியாவது தமையனிடம் அனுப்பிவிட வேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் நந்தனிடமிருந்து நெடுங்காலமாக ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை. தபால் வருவதும் வராததும் அப்போது எங்கள் கையில் இருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பார்சல் வந்தது. கொழும்பிலிருந்து யார் யாரோ கைமாறி, கடல்நீரில் நனைந்து, மூலை மடிந்து. உள்ளே ஒரே ஒரு புத்தகம். முதல் பக்கத்தில் 'கண்ணனுக்கு, அண்ணை' என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு ஒரு வரியும் இல்லை.

லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வந்தால் அது என்ன புத்தகம்? எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான். படிக்கிற புத்தகம். தம்பி இதைப் படித்துத் தேறட்டும், பிறகு நான் கூப்பிடுகிறேன் என்று அண்ணன்காரன் சொல்லாமல் சொல்லியிருக்கிறான். அன்ரி அன்றைக்கே பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

புத்தக அட்டையில் பச்சை நிறத்தில் ஒரு பூதம், வாயில் கொம்பு போலப் பல், கையில் கோடரி. அன்ரி அதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்தார்.

"உது ஆர் தம்பி, வைரவரோ?"

"இல்லை அன்ரி. உது ஏதோ பூதம்."

"லண்டனிலை பாடப் புத்தகத்துக்குப் பூதமோ போடுறவை?"

நான் இரண்டு பக்கம் புரட்டினேன், விளங்கிவிட்டது. "மாஸ்ரர், இது விளையாட்டுப் புத்தகம். சின்னப் பொம்மையளை நிரையா வைச்சுச் சண்டை பிடிக்கிற விளையாட்டு" என்று அப்போதே சொன்னேன். மாஸ்ரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். பிரிவு, உட்பிரிவு, அதற்குள் இன்னொரு பிரிவு, அட்டவணை, அடிக்குறிப்பு. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"தம்பி, எங்கடை ரெயில்வேயிலையே இவ்வளவு சட்டம் இல்லை. விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமோ?"

"ஓம் மாஸ்ரர்."

"ஒருத்தன் தம்பிக்கு லண்டனிலை இருந்து மினைக்கெட்டு விளையாட்டை அனுப்புவானோ?"

நான் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினேன். "வாற விசயதசமிக்குத் தொடங்கும்" என்று மாஸ்ரர் முடித்துவிட்டார்.

நவராத்திரிக்குச் சரஸ்வதி படத்தின் முன்னால் பாடப் புத்தகங்களை அடுக்கியபோது இதுவும் அடுக்கில் ஏறியது, எல்லாவற்றுக்கும் மேலே. பல்லைக் காட்டுகிற பூதத்துக்குச் சந்தனம் வைக்க அன்ரிக்குக் கை வரவில்லை. காலண்டர் தாளால் உறை போட்டார். உறையில் மயிலோடு முருகன் வந்தார். பத்தாம் நாள் கற்பூரம் காட்டி, கண்ணன் புத்தகத்தை இரு கையாலும் வாங்கி என்னிடம் நீட்ட, நான் தொண்டையைச் செருமி முதல் வரியைப் படிப்பித்தேன். 'இந்நூலிலுள்ள விதிகள் மூலநூலின் விதிகளுக்கு மேலதிகமானவை.' அன்ரி கைகூப்பி நின்றார். கண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கரைச்சல் அடுத்த பக்கத்திலேயே தொடங்கியது. பறக்கும் பிராணிகள் வழமையான தூரத்தைப்போல் இரு மடங்கு போகலாம் என்றது புத்தகம். வழமையான தூரம் எவ்வளவு? மூலநூலைப் பார்க்க. பூதங்கள் வழமையான முறையில் தாக்கும், ஆனால் சேற்றில் நின்றால் தாக்கா. வழமையான முறை எது? மூலநூலைப் பார்க்க. எங்களிடம் விதிவிலக்குகள் எல்லாம் இருந்தன, விதி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்குப் பாதிச் சொற்கள் என் அகராதியில் கிடையாது. கண்ணன் கேட்டால், "இது பழைய லத்தீன் சொல்" என்று ஒரு போடு போடுவேன். பாவம் லத்தீன்.

மாஸ்ரர் கவலைப்படவில்லை. "இது அனுபந்தம், தம்பி. எங்களுக்கும் கொழும்பிலை இருந்து இப்பிடித் திருத்தச் சீட்டுகள் வாறது. மூலச் சட்டம் தெரிஞ்சவனுக்குத்தான் திருத்தம் விளங்கும்."

"மூலச் சட்டம் எங்களிட்டை இல்லையே மாஸ்ரர்."

"ஆர் சொன்னது?" என்று எழும்பி உள்ளே போனவர், ரெயில்வேச் சட்டப் புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பூதங்கள் இலங்கைப் புகையிரதச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை ஆயின. செய்முறை இல்லாமல் படிப்பு ஏறாது என்று முன்னறையின் சீமெந்து நிலத்தில் என் வெண்கட்டியால் போர்க்களம் கீறினோம். பூவரசங் குச்சிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, தலைக்குப் பெயின்ற் பூசிப் படைவீரர் ஆக்கினோம். இருந்தது இரண்டு நிறம் என்பதால் உலகத்தில் இரண்டே படைதான்: கண்ணனுடையது பச்சை, எதிர்ப்பக்கம் சிவப்பு. பகடைக்கு அன்ரியின் சோகிச் சிப்பிகள். உருட்டி, வாய் மேலே பார்ப்பதை எண்ணுவோம். பூதங்களுக்கு ரோச் பற்றரி. புது பற்றரி கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. செத்த பற்றரியை வெயிலில் வைத்து எடுத்தால் ரேடியோ இன்னும் கொஞ்சம் முனகும். ஆகவே பின்னேரச் செய்தி நேரம் வந்தால் இரு பக்கத்துப் பூதங்களும் போர்க்களத்தை விட்டுச் செய்தி கேட்கப் போய்விடும்.

ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரெயில் போகவேண்டுமானால், அடுத்த ஸ்ரேசன் பாதை வெறுமையாக இருக்கிறது என்று உறுதி சொல்ல வேண்டும். அதுதான் லைன் கிளியர். மாஸ்ரர் இதைப் போருக்கும் வைத்தார். பச்சைப் பூதம் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமா? மாஸ்ரரிடம் கேட்க வேண்டும். அவர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லைன் கிளியர்" என்று சொன்னால்தான் இறங்கலாம். அதுவரை பூதம் கோடரியோடு காத்து நிற்கும்.

நான் ஒருநாள் கேட்டேன். "மாஸ்ரர், ரெண்டு படையும் ஒரே பாதையிலை சந்திக்கக்கூடாது எண்டால் சண்டை எப்பிடி நடக்கும்?"

"சந்திச்சால் அது விபத்து."

"விபத்து நடந்தால்?"

"விசாரணை."

அப்படியே நடந்தது. இரண்டு படை மோதினால் மாஸ்ரர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு இரு தரப்பையும் விசாரிப்பார். அனுமதி கேட்டாயா, யார் தந்தது, எந்த நேரம், கைகாட்டி விழுந்திருந்ததா? பிழை யார் பக்கமோ அவர் சோகியை உருட்டி, விழுந்த தொகைக்கு ஆட்களை இழக்க வேண்டும். சிவப்புப் படையை நடத்தியது அன்ரி. முதலில் என்னைத்தான் எதிர்ப்பக்கம் இருத்தினார்கள். நான் ஒவ்வொரு விசாரணையிலும் உளறிப் படையைத் தொலைத்ததால், "உவரோடை விளையாடிப் பிள்ளை என்னத்தைப் படிக்கிறது?" என்று அன்ரி தானே இறங்கிவிட்டார். சந்தையில் கத்தரிக்காய்க்காரியோடு கதைத்து வென்றவர் விசாரணையில் விட்டுக்கொடுப்பாரா? மாஸ்ரர் நீதி தவறாதவர்தான், ஆனால் அவருக்கும் இரவுச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

அன்ரிக்கு இது விளையாட்டு இல்லை. கண்ணன் தோற்றால் முகம் சுண்டிவிடும். "இப்பிடிப் படிச்சால் அண்ணை எப்பிடி உன்னைக் கூப்பிடுறது?" என்று பேசுவார். கண்ணன் வென்றால் எனக்கு ஒரு பூசணிக்காய் வரும். வெல்ல விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அங்கே சோதனையில் விட்டுக்கொடுப்பார்களோ என்பது அவர் கேள்வி.

ஒருநாள் பறக்கும் பிராணிகள் அத்தியாயம் நடந்துகொண்டிருக்க, உண்மையான ஒன்று வந்துவிட்டது. எல்லோரும் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் பாய்ந்தோம். மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றிச் சுற்றி இரைந்தது. அன்ரி கண்ணனின் தலையைத் தன் மடிக்குள் அமத்திப் பிடித்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன மடிக்குள் எப்படி அடங்கியதோ தெரியாது. எங்கேயோ தூரத்தில் இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது. பிறகு அன்ரியின் குரல் வந்தது: "அது கிடக்கட்டும், உன்ரை கழுகு லைன் கிளியர் இல்லாமல் என்ரை கோட்டைக்கு மேலாலை வந்ததோ இல்லையோ?" பங்கருக்குள்ளேயே விசாரணை நடந்து கண்ணனுக்கு மூன்று ஆள் போய்விட்டது.

அன்று என்னைப் படலை வரை கொண்டுவந்து விட்ட கண்ணன் கேட்டான். "சேர், அம்மாவுக்கு இது விளையாட்டெண்டு உண்மையா விளங்கேல்லையோ, இல்லாட்டி விளங்காத மாதிரி நிக்கிறாவோ?"

"தெரியாதடா" என்றேன். இன்றைக்கும் தெரியாது.

பிறகு மாஸ்ரர் பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போனார். போனால் அங்கிருந்து நந்தனுக்குப் போன் எடுக்கலாம். அன்ரி அவருக்குக் கேள்வியைப் பாடமாக்கி அனுப்பினார்: புத்தகம் படிச்சு முடியுது, எப்ப கூப்பிடப்போறாய்? அவர் திரும்பி வரும்வரைக்கும் வகுப்பில் ஒருவருக்கும் மனமில்லை. அன்ரிகூட நான் நடத்திய ஒரு விசாரணையில் தன் பக்கப் பிழையைத் தானே ஒத்துக்கொண்டார்.

மாஸ்ரர் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். கால் கழுவி, தேத்தண்ணி குடித்து, கதிரையில் இருந்து, பயணத்தைப் புறப்பட்ட இடத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்கினார். கிளாலியில் வள்ளம் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, வவுனியாவில் எவ்வளவு சுணக்கம், அங்கிருந்து ஓடிய ரெயிலில் கார்ட்டுக்குப் பச்சைக்கொடி பிடிக்கத் தெரியாதது. அன்ரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ரெயில் பொல்காவலையில் நின்றதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்கடை ரெயில் நாசமாப் போக! பிள்ளை என்ன சொன்னவன்?"

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாடத்தான் அனுப்பினவனாம்."

நான் கண்ணனைப் பார்க்கவில்லை.

"கண்ணன் பள்ளிக்கூடப் பெடியளோடை விளையாடட்டும் எண்டு அனுப்பினவனாம். பெரிய புத்தகம் பாரம், பிறகு அனுப்புவம் எண்டு வைச்சிருக்கிறானாம். 'தம்பி இப்பவும் விரல் சூப்புறவனோ' எண்டு கேக்கிறான். நான் சொன்னன், உன்ரை தம்பி சவரம் எடுக்கிறானடா எண்டு. அங்காலை சத்தமே இல்லை. லைன் கட்டாப் போச்சோ எண்டு பாத்தன். பிறகு அவன் அழுறது கேட்டுது." மாஸ்ரர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "இவனை அனுப்பச் சொல்லிப்போட்டான். எல்லாம் தான் பாக்கிறானாம்."

நந்தனுக்கு வருசம் எண்ணத் தெரியாமல் இல்லை. அவன் விட்டுப்போன வீட்டில் எல்லோரும் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள் என்று இருந்துவிட்டான், அவ்வளவுதான். தூரத்தில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். "நான் ஒரு வருசம் பூதத்துக்கெல்லோ சாம்பிராணி காட்டியிருக்கிறன்" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடிந்தபோது அன்ரியின் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணன் வயசுப் பெடியன் ஊரை விட்டு வெளிக்கிடுவது சின்ன அலுவல் இல்லை. இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நிற்கிறவர், போனவர் திரும்பி வரும்வரை ஊரை விட்டு அசைய முடியாது. மாஸ்ரர் பேனையைத் தேடிக்கொண்டிருக்க, அன்ரி முந்திக்கொண்டு கையெழுத்து வைத்தார். அலைந்து, கெஞ்சி, பாஸ் கிடைத்தது. ஒரு பின்னேரம் கண்ணன் தகப்பனோடு சைக்கிளில் வெளிக்கிட்டான். நான் படலையடியில் நின்றேன். அன்ரி அழவில்லை. "அண்ணை சொல்லுறதைக் கேள். குளிருக்கை வெறும் மேலோடை திரியாதை" என்று மட்டும் சொன்னார். அவனும் வாறன் அம்மா என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தான்.

மறுநாள் பின்னேரம் பழக்கத்தில் நான் அங்கே போய்விட்டேன். மாணவன் போய்விட்டான், வாத்தியார் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். நிலத்தில் வெண்கட்டிக் கோடுகள் அழியாமல் கிடந்தன. இரண்டு படையும் முந்தநாள் நின்ற இடத்தில் நின்றன. அன்ரி தன் பக்கத்தில் இருந்தார், கையில் சோகி. ஒரு ஆட்டம் ஆடினால் மனம் ஆறும் என்று நினைத்து நான் போய் அவருக்கு நேரே சம்மாணம் கொட்டி இருந்தேன்.

"தம்பி, அது கண்ணன்ரை பக்கம்" என்றார் அன்ரி. "நீர் அங்காலை இரும்."

நான் எழும்பிச் சுவரோரம் போய் இருந்தேன். பிள்ளையை வள்ளம் ஏற்றிவிட்டு வந்த மாஸ்ரர் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருவரும் விளையாடவில்லை. அதற்குப் பிறகும் அந்த நிலத்தைக் கூட்டும்போது அன்ரி படைகளைச் சுற்றித்தான் விளக்குமாற்றைக் கொண்டுபோவார்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஆமிக்குப் பயந்து எழும்பி நடந்தபோது மாஸ்ரரும் அன்ரியும் தென்மராட்சிப் பக்கம் போனார்கள். இருவரும் திரும்பி வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வீட்டை இடித்து மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். புகையிலைத் தோட்டம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் ஒன்று நிற்கிறது. காங்கேசன்துறைக்கு ரெயில் திரும்பவும் ஓடுகிறது. ஸ்ரேசன் புதிது, ஆட்களும் புதிது. அந்தப் பக்கம் போனால் அங்கே எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

நந்தன் அனுப்புவதாகச் சொன்ன பெரிய புத்தகம் வரவேயில்லை. கண்ணன் தாயைப் பிறகு காணவில்லை. செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. லண்டனில் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது, இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் பல்கலைக்கழகம் போகிறாள். தைப்பொங்கலுக்குப் போன் எடுப்பான், இப்போதும் சேர் என்றுதான் கூப்பிடுவான். கண்ணன் இருக்கிறான். அன்ரி கேட்டது அது ஒன்றைத்தான்.